எழுந்து நின்ற குற்றம்

அட்லாண்டா
1993 மார்ச் 9

கார்லண்ட் அண்ணனுக்கு,

இந்தக் கிறுக்கலைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று தூக்கிப் போட்டுவிடாதே. எழுதுவது நான்தான். என் விரல்கள் வேலை செய்வதில்லை. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதில் பேனாவைச் செருகிவிடுகிறார்கள். தோளாலும் முழங்கையாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முடிக்க மூன்று நாள் பிடிக்கும் போலிருக்கிறது. பெண்டாட்டி என்ற உரிமையில் நடீன் எழுதித் தருவதாகச் சொன்னாள். உனக்குப் போகும் கடிதத்தை அவள் கையில் கொடுத்தால் பாதிக்கு மேல் அவளுடைய திட்டாகத்தான் இருக்கும் என்று வேண்டாம் என்றேன்.

அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. நீ ஒரு தடவை கூட வரவில்லை. நர்சுகளுக்கு மூன்று பன்றித் தொடை அனுப்பினாய். அவர்கள் சாப்பிட்டுவிட்டு உன்னைப் புகழ்கிறார்கள். போன் செய்தால் உன் பெண்டாட்டி ஓபல் எடுத்து, "அவரு கொட்டகையில இருக்காரு" என்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் கொட்டகை. அங்கேயே கட்டில் போட்டுவிட்டாயா?

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்றிக்கு உப்புத் தடவியது நினைவிருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை. தீயணைப்பு நிலையத்து விருந்துக்காக நீ பிக்கப்பை ஓட்டினாய், முழுப் பன்றியைச் சுடும் அடுப்பு வண்டியைப் பின்னால் இழுத்துப் போனோம், நான் பிக்கப்பின் திறந்த பின்தட்டில் இருந்தேன், ஜல்லி லாரி பின்னால் வந்து மோதியது. இவ்வளவும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து வக்கீல் டிண்டல் அம்மா போன வாரம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வெர்லன், நம்ம மாநிலத்துச் சட்டம் ரொம்பக் கறாரு. லாரிக்காரன் மேல தொண்ணூத்தொம்பது பங்கு தப்பு, உங்க மேல ஒரே ஒரு பங்குன்னு ஜூரி சொன்னாக்கூட எல்லாம் போச்சு. சல்லிக்காசு வராது" என்றார். "பின்னால உக்காந்து போனதுல ஒண்ணும் தப்பில்ல. நம்ம ஜட்ஜே அப்படித்தான் மீன் பிடிக்கப் போறாரு. ஆனா நீங்க ஓடுற வண்டில எழுந்து நின்னீங்கன்னு லாரிக்காரன் சொல்றான். உக்காந்திருந்தீங்களா, நின்னீங்களா?"

எனக்கு என்ன தெரியும்? பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். நான் உட்கார்ந்துதான் இருந்தேன் என்று இரண்டு வரி எழுதிப் போடு. முடிந்தால் நேரில் வா. வரும்போது தொடை கொண்டுவராதே.

வெர்லன்

*

வீடு
மார்ச் 17

தம்பி வெர்லன்,

உன் கடிதம் வந்தது. எழுத்து எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் நீ இதைவிட மோசமாக எழுதுவாய்.

வராததற்குக் காரணம் வேலைதான். இந்த மாதம் பதினோரு சினைப்பன்றிகள் ஈன்றன. ஒன்று தன் குட்டிகள் மேலேயே படுத்து இரண்டை நசுக்கிவிட்டது. புகையிலை நாற்று போட்டாகிவிட்டது, மழை விடமாட்டேன் என்கிறது. போன சனிக்கிழமை வீசிய புயலில் உன் வீட்டுப் பின்வாசல் கதவு கழன்று போயிற்று. மாட்டிவிட்டேன். உன் நாய் எங்களிடம் நன்றாக இருக்கிறது. ஓபல் அதற்குக் கண்ட கண்டதைப் போட்டுக் கொழுக்க வைத்துவிட்டாள்.

நீ கேட்டதைப் பற்றி. நான் பார்த்ததை அன்றைக்கே ஹைவே போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். பிறகு நவம்பரில் லாரிக்காரர்களின் இன்சூரன்சிலிருந்து பெல்லமி என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அவருடைய அப்பாவும் பன்றி வளர்த்தவராம். ஓபல் சுட்ட ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். சோப்புக்கட்டி அளவில் ஒரு டேப் ரெக்கார்டரை மேசை மேல் வைத்துக்கொண்டு, "உங்க தம்பி எப்படிப்பட்டவர், சொல்லுங்க" என்றார். உன்னைப் பற்றி உயர்வாகத்தான் சொன்னேன். "அடுப்புல பன்றி இருந்தா அவனால உக்கார முடியாது சார். கடைசி வரைக்கும் நின்னு பார்த்துக்கிட்டே வந்தான். இந்த மாவட்டத்துல அவன மாதிரி பன்றி சுட ஆள் கிடையாது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். போகும்போது என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார்.

ஈத்து முடிந்ததும் வரப் பார்க்கிறேன். நடீனுக்கு என் விசாரிப்பு.

கார்லண்ட்

*

அட்லாண்டா
மார்ச் 30

கார்லண்டுக்கு,

பை கொடுத்தாயா அவனுக்கு? இரண்டு துண்டா? மூன்றாவதாகக் காகிதத்தில் சுற்றிக் கையிலும் கொடுத்திருப்பாயே.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? உன் கடிதத்தை நடீன் டிண்டல் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த டேப்போட நகல் நேத்துதான் என் கைக்கு வந்துச்சு. கூடப் பொறந்தவரே சொல்லிட்டாரே" என்றார். நீ என்னைப் பெருமையாகப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அங்கே தட்டச்சில் இருக்கிறது. கடைசி வரைக்கும் நின்னு பார்த்துக்கிட்டே வந்தான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு லாரிக்காரர்களின் இன்சூரன்சில் ஒன்றரை லட்சம் டாலர் தருகிறோம், வாங்கிக்கொண்டு போய்விடு என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பாக்கிக்கே அது போதாது.

இன்னும் சொல்கிறேன், கேள். மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து ஹசெல் என்று ஒரு அம்மாள் வந்தார். என்னைப் போலக் கழுத்து முறிந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவதே அவருக்கு வேலை. இரண்டு நாள் கேள்வி. மாதத்துக்கு எத்தனை சிறுநீர்க் குழாய், எத்தனை கையுறை, எத்தனை வருஷத்துக்கு ஒரு சக்கர நாற்காலி, மெத்தை, தூக்கி வைக்கும் இயந்திரம், வேன், வாசல் அகலப்படுத்துவது, புண் வந்தால் ஆபரேஷன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் போட ஆள், அதுவும் நாள் முழுக்க. எழுபத்தோரு வயது வரை இருப்பேனாம். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா, பயத்திலா என்று எனக்கே தெரியவில்லை. கூட்டிப் பார்த்தால் அறுபத்தொரு லட்சம் டாலர் வருகிறது.

டிண்டல் அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கால் முறிஞ்சிருந்தா போன மாசமே செக் வந்திருக்கும். கழுத்துங்கறதாலதான் இந்தச் சண்டை. காயம் பெருசானா தொகை பெருசு, தொகை பெருசானா அவங்க ஒவ்வொரு நூலாப் பிரிச்சுப் பார்ப்பாங்க." அந்த நூலை நீயே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாய்.

மே 14 அன்று உன்னைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டு சாட்சி எடுக்கப் போகிறார்கள். அங்கே போய்ச் சொல். அன்றைக்கு ஏதோ பேச்சு வாக்கில் சொல்லிவிட்டேன், அவன் உட்கார்ந்துதான் இருந்தான் என்று சொல். அடுப்புப் பெருமைக்காக அப்படிப் பேசினேன் என்று சொல். ஊரில் எல்லாரும் நம்புவார்கள், நீ அப்படித்தான் பேசுவாய் என்று.

எனக்கு வயது முப்பத்து நான்கு. இந்தப் பணம் வராவிட்டால் என்னை அரசாங்க விடுதியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் வரமாட்டார்கள். எங்கள் வார்டில் இருந்த ஒருவன் அப்படிப் போய் இடுப்புப் புண் எலும்பு வரை போய்ச் செத்தான்.

வெர்லன்

*

வீடு
ஏப்ரல் 6

தம்பி,

உன் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். டேப் விஷயத்தில் நான் முட்டாள்தனம் செய்துவிட்டேன். ஒருவர் வீட்டுக்கு வந்தால் உட்கார வைத்து, கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் நமக்குத் தெரியும். அந்த மனிதர் அப்படிச் செய்வார் என்று தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அவர் சாப்பிட்ட தட்டை உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். நீ நின்றாய், வெர்லன். கண்ணாடியில் பார்த்தேன். இடது கையால் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்க நின்றாய்.

நீ எழுந்ததற்குக் காரணம்

மேலே எழுத ஆரம்பித்ததை அடித்துவிட்டேன். அதைப் பார்க்காதே. நான் பெரிய பக்திமான் என்று நீ கிண்டல் செய்வாய் என்பது தெரியும். செய்துகொள். லாரிக்காரனும் நின்றதைப் பார்த்திருக்கிறான். நாளைக்கு என் பொய் வெளியே வந்தால் உனக்குக் கிடைக்க இருப்பதும் போய்விடும். அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

என் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் எதையும் எழுத வேண்டாம் என்கிறார். அதனால் இனி எழுதுவேனா என்று தெரியவில்லை.

கார்லண்ட்

*

வீடு
ஏப்ரல் 22

கார்லண்டுக்கு,

பேனாவால் அடித்தால் மட்டும் போதாது. அழித்திருக்க வேண்டும். நடீன் அந்தத் தாளை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். 'நீ எழுந்ததற்குக் காரணம்.' அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எனக்குப் படுத்துக்கொண்டு நினைப்பதற்கு நேரம் நிறைய. என்ன காரணம்?

நான் வந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். பத்தாம் தேதி வேனில் கொண்டுவந்தார்கள். உன் வயலைத் தாண்டித்தான் வந்தோம். நீ டிராக்டரில் இருந்தாய். தொப்பியைக் கழற்றினாய், இறங்கி வரவில்லை. நடீன் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது நீ வருகிறேன் என்றாலும் வரக்கூடாது. டிண்டல் அம்மாவின் உத்தரவு. "உங்க அண்ணன் ஒரு தடவை வந்து உங்களைத் தூக்கி உக்கார வெச்சாப் போதும். சொந்தக்காரங்க சும்மாவே பார்த்துக்கறாங்க, கூலி ஆள் எதுக்குன்னு கேட்பாங்க. பட்டியல்ல பாதி அப்படியே அடிபட்டுப்போகும்" என்றார். கிண்டலில்லை. சாலை முக்கில் ஒரு சாம்பல் நிற வேன் நிற்கிறது. உள்ளே கம்பெனி அனுப்பிய ஒருத்தன் பொழுதன்னைக்கும் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறான். நடீன் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போனால் அதையும் படம் பிடிக்கிறான். நேற்று அவள் அவனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். அதையும் ஜூரிக்குப் போட்டுக் காட்டுவார்களோ என்னவோ.

வீட்டுக்கு உள்ளே எங்கள் வக்கீல் அனுப்பிய கேமரா. ஒரு நாள் முழுக்க எனக்கு நடப்பதையெல்லாம் படம் எடுக்க வேண்டுமாம். காலையில் வயிறு கழிய வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது, அண்ணா. கையுறை போட்டுக்கொண்டு நடீன்தான் செய்கிறாள். அதை ஒரு இளைஞன் முழங்கால் போட்டுப் படம் பிடித்தான். பாவம், அவன் கண் கலங்கிவிட்டது. நான் அவனிடம், "தம்பி, விளக்கைக் கொஞ்சம் திருப்பு, என் நல்ல பக்கம் இது இல்ல" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நீ அரை மைலில் இருக்கிறாய். நான் தபாலில் பேசுகிறேன். ராத்திரியும் பகலும் புரட்டிப் புரட்டி நடீனின் இடுப்பு போய்விட்டது. அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. அவள் அக்காவிடம் போனில், "இன்னும் ஒரு வருஷம் தாங்குவேன்க்கா, அதுக்கு மேல தெரியல" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

காரணம் என்ன என்று எழுது. ஏஜெண்டு சொன்னான், பன்றி ஈன்றது என்று கதை சொல்லாதே.

வெர்லன்

*

ஏப்ரல் 29

தம்பி,

எழுதுகிறேன். ஓபலுக்குக் கூட இது தெரியாது.

ஒவ்வொரு வருஷமும் அடுப்பைத் தீயணைப்பு நிலையத்துக்கே கொண்டுபோய், அங்கேதான் கரி போட்டு, விடிய விடியச் சுடுவோம். இந்தத் தடவையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நீ சொன்னாய். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு சினைப்பன்றிக்கு நாள் நெருங்கியிருந்தது. நம் கொட்டகையிலேயே சுட்டு, வெந்துகொண்டிருக்கும்போதே இழுத்துப் போகலாம், பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாம் என்றேன். "எரியற அடுப்ப ரோட்டுல இழுக்கறதா? தீயணைக்கறவங்களுக்கே தீயக் கொண்டு போறியா?" என்று நீ கத்தினாய். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு பின்தட்டில் ஏறிக்கொண்டாய். நீ ஏறாவிட்டால் அடுப்பைப் பார்க்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூடியின் கொக்கி ஆகஸ்டிலேயே உடைந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. வைக்கோல் கட்டும் கம்பியை எடுத்துச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

பாலம் தாண்டியதும் கம்பி விட்டுவிட்டது. மூடி தூக்கித் தூக்கி அடித்தது, காற்றுப் புகுந்து கொழுப்பில் தீ பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், ஆள் உயரத்துக்குத் தீ. நீ பின்தட்டில் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்து, நிறுத்து நிறுத்து என்று பின்கண்ணாடியைத் தட்டினாய். நான் நிறுத்தவில்லை. மணி பதினொன்று நாற்பது. இருநூறு டிக்கெட் விற்றிருந்தோம். ஓரம் சேறாக இருந்தது, இறங்கினால் வண்டி மாட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "எழுந்திரிடா, மூடிய அழுத்து, எழுந்திரு" என்று கத்தினேன். இரண்டு தடவை. நீ எழுந்தாய். வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. மேட்டுக்குப் பின்னாலிருந்து லாரி வந்தது.

லாரிக்காரன் வேகமாகத்தான் வந்தான். பிரேக் போட்ட தடம் கூட இல்லை. அது உண்மை. ஆனால் நீ எழுந்தது நான் கத்தியதால். இதைப் போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. பெல்லமியிடம் சொல்லவில்லை. அவர் 'ஏன் நின்றார்' என்று கேட்கவே இல்லை. நானாகவே, பன்றி என்றால் அவனால் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது உன் பெருமைக்காக என்று உனக்கு எழுதினேன். அது பொய். என் வாயை மூடிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

என் ஏஜெண்டு சொன்னது இதுதான்: "உங்க பாலிசி ஐம்பதாயிரம்தான் தாங்கும். அதுக்கு மேல உங்க பேர்ல தப்புன்னு வந்தா நிலத்துல கை வெப்பாங்க." அறுபது ஏக்கர். அதில் முப்பது உன் பங்கு, ஒன்பது வருஷமாக உழைத்து உன்னிடமிருந்து வாங்கினேன். பயந்துவிட்டேன், வெர்லன். உன்னை வந்து பார்க்காததும் இதனால்தான். கட்டிலில் உன்னைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

கார்லண்ட்

*

மே 6

கார்லண்டுக்கு,

உன் கடிதத்தை நடீன்தான் பிரித்துப் பிடித்தாள், நான் படித்தேன். முடித்ததும் அவள் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். நான் உடைக்க ஆசைப்பட்டாலும் முடியாது. கத்தினேன். நீ அரை மைலில் இருந்தாலும் கேட்டிருக்கும்.

ஏழு மாதம். ஏழு மாதம் என் மேலேயே எனக்குக் கோபம். எதற்கடா எழுந்தாய், தீயணைப்புப் பயிற்சி வாங்கியவன்தானே, புத்தி எங்கே போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். நீ அரை மைலில் உட்கார்ந்துகொண்டு பன்றிக்குட்டி எண்ணிக்கொண்டிருந்தாய். உன்னைக் கொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதைச் சும்மா சொல்லவில்லை. நேற்று முழுக்க அப்படித்தான் இருந்தது.

டிண்டல் அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார், ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். "இன்னொருத்தர் செஞ்ச தப்பால திடீர்னு ஆபத்து வந்து, அதுல பதறி எழுந்தா, அத எழுந்தவர் தப்புன்னு சொல்றது கஷ்டம். வழக்கு உயிரோட இருக்கும். ஆனா அந்த இன்னொருத்தர் மேலயும் வழக்குப் போட்டாகணும். அவரு வாயாலயே சத்தியம் பண்ணிச் சொன்னாத்தான் ஜூரி நம்பும். கூடப் பொறந்தவர காப்பாத்த எழுதிக் குடுத்த காகிதம்னா நம்ப மாட்டாங்க."

அதாவது, நீ பாதி உண்மை சொன்னால் நான் செத்தேன். முழு உண்மை சொன்னால் உன் நிலம் போகும். நான் உட்கார்ந்திருந்தேன் என்று நீ பொய் சொல்வாய் என்று இனி நான் எதிர்பார்க்கவில்லை. பொய் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன்.

பெருந்தன்மையாக, உன் இஷ்டம் அண்ணா, நிலத்தைக் காப்பாற்றிக்கொள் என்று எழுத வேண்டும் என்று ஆசைதான். அதற்கெல்லாம் எனக்கு வசதி இல்லை. முப்பத்தேழு வருஷம் என்னைப் புரட்டிப் போட ஆள் வேண்டும். ஆகவே கேட்கிறேன், சொல். நிலத்தை எடுத்துக்கொள்வேன்.

உன் கடிதம் என் நாற்காலிப் பஞ்சுக்கு அடியில் இருக்கிறது. 14ஆம் தேதி சாயங்காலம் வரை அது அங்கே இருக்கும். நீ சொல்லாமல் திரும்பி வந்தால் அன்றைக்கே டிண்டல் அம்மா கைக்குப் போகும். ஜூரி நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நடீன் இப்போதே கொடு என்கிறாள். ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

வெர்லன்

*

மே 15

தம்பி,

நடந்ததைச் சொல்கிறேன். டிண்டல் அம்மா இதற்குள் சொல்லியிருப்பார், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஆபீஸ் மாடியில் நீள மேசை. ஜல்லிக் கம்பெனி வக்கீல் எனக்கு நேர் எதிரே. ஒருபக்கம் டிண்டல் அம்மா. என் பக்கத்தில் என் இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய வக்கீல், மீசை கூட முளைக்காத பையன். படியில் ஏறும்போதே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார், தண்ணி வேணும்னாக்கூட எங்கிட்டக் கேளுங்க" என்றான். பைபிள் மேல் கை வைத்தேன்.

கம்பெனி வக்கீல் மிகவும் மரியாதையாகப் பேசினார். எவ்வளவு வருஷமாகப் பன்றி சுடுகிறோம், என்ன விறகு என்றெல்லாம் கேட்டார். பேச்சில் பெல்லமிக்கு மாமா முறை போலிருக்கிறது. பிறகு கேட்டார்.

"மோதும்போது உங்க தம்பி நின்னுக்கிட்டிருந்தாரா?"

"ஆமா சார்."

"சந்தேகம் இல்லாம?"

"சந்தேகம் இல்ல."

"நன்றி, திரு. சக்" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லி ஃபைலை மூடிவிட்டார். பேனாவையும் மூடிப் பையில் போட்டுக்கொண்டார். டிண்டல் அம்மா என்னைப் பார்த்தார். அவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று அவருக்குப் பயம் இருந்திருக்கலாம். "எனக்கும் கேள்வி இல்ல" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தது போலிருந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துகூட விட்டேன், வெர்லன். வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. நான் பொய் சொல்லவில்லையே. உன்னிடம் இருக்கும் கடிதம் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவாயா? வரவில்லை. நீ பின்கண்ணாடியைத் தட்டியதுதான் காதில் கேட்டது.

மறுபடி உட்கார்ந்தேன். "அவன் ஏன் நின்னான்னு யாரும் கேக்கலயே" என்றேன்.

என் பக்கத்துப் பையன் மேசைக்கு அடியில் காலால் உதைத்தான். "என் கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்ல, கொஞ்சம் இடைவேளை வேணும்" என்றான். "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நீ காலை எடு" என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள், "இதையும் அடிக்கணுமா?" என்று கேட்டாள். டிண்டல் அம்மா மெதுவாக, "அடிங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, கொழுப்பு, நீ தட்டியது, நான் கத்தியது. கம்பெனி வக்கீல் மறுபடி பேனாவை எடுத்தார். "தம்பிக்குப் பணம் வரணும்னு இப்ப ஜோடிச்ச கதையா இது?" என்றார். "இதுனால எனக்கு வரப்போறது ஒண்ணுமில்ல சார், இருக்கறதும் போகும். வேணும்னா அந்தக் கம்பி இன்னும் கொட்டகை ஆணியில தொங்குது, ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க" என்றேன். "வண்டிய ஏன் நிறுத்தல?" என்று கேட்டார். "ஜனங்க காத்துக்கிட்டிருந்தாங்க" என்றேன். தண்ணீர் கேட்டேன். பையன் கொடுக்கவில்லை, டிண்டல் அம்மாதான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஓபலிடம் சொன்னேன். அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

அந்தக் கடிதத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

கார்லண்ட்

*

ஜூன் 3

அண்ணா,

திங்கட்கிழமை ஷெரிஃப் ஆபீசிலிருந்து வெண்டல் வருவான். கையில் காகிதம் இருக்கும். அவனை வாசலில் நிற்க வைத்துத் திட்டாதே, அவன் என்ன செய்வான். வழக்கில் உன் பெயரையும் சேர்த்தாகிவிட்டது. ஜல்லிக் கம்பெனி ஒன்றாவது எதிரி, நீ இரண்டாவது. உன் நடுப்பெயரையும் சேர்த்து முழுசாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அம்மா உன்னை அடித்ததற்குப் பிறகு இப்போதுதான் அதைப் பார்க்கிறேன்.

கையெழுத்து நானே போட்டேன். நடீன் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். விடவில்லை. நான்கு நிமிஷம் ஆயிற்று. யாரோ என் கையைப் பிடித்துப் போடவைத்தார்கள் என்று பிற்பாடு நீ நினைக்கக்கூடாது.

கம்பெனிக்காரர்கள் நீ பேசிய ஒன்பதாம் நாள் ஒன்றரை லட்சத்திலிருந்து இருபத்தொன்பது லட்சத்துக்கு ஏறினார்கள். டிண்டல் அம்மா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "இன்னும் ஏறுவாங்க. இப்போ ஜூரி முன்னால போக அவங்களுக்குத்தான் பயம்" என்கிறார். ஆனால் உன் தப்பும் பதிவாகிவிட்டதால், கொடுப்பதில் ஒரு பங்கை உன்னிடம் கேட்பார்கள் என்றும் சொன்னார். நிலத்தை நான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். நானும் விடுகிறேன் என்று சொல்லவில்லை. நடீனின் இடுப்புக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. சில நாள் காலையில் கண் விழித்ததும் நீ ஞாபகத்துக்கு வருகிறாய், உடனே வாய் கசந்துவிடுகிறது. இன்னொரு நாள் மேசைக்கு அடியில் உதைத்த அந்தப் பையனிடம் நீ 'காலை எடு' என்றதைப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்ட, நடீன் ஓடி வந்தாள்.

வழக்கு முடியும்வரை நாம் எதிராளிகள். எழுதக்கூடாது, பேசக்கூடாது என்று உத்தரவு. அதனால் இதுதான் கடைசி. நாற்காலிப் பஞ்சுக்கு அடியில் இருந்த உன் ஏப்ரல் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். நடீனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நகல் எடுக்கவில்லை.

உன் சாட்சியத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். நூற்றுப் பதினான்கு பக்கம். மூன்று தடவை படித்தேன். ஒரு இடம் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறேன். ஏன் நிறுத்தவில்லை என்று அவன் கேட்கிறான், ஜனங்கள் காத்திருந்தார்கள் என்று நீ சொல்கிறாய். இதை டிண்டல் அம்மாவிடம் சொல்ல முடியாது. ஜூரியிடம் சொல்ல முடியாது. நடீனிடமும் சொல்ல மாட்டேன். கம்பெனி வக்கீல் கையில் இந்தத் தாள் கிடைத்தால் என்னை நாற்காலியோடு நிறுத்தி வைத்து இதையே திரும்பத் திரும்பக் கேட்பான். ஆனாலும் உனக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் வண்டி ஓட்டி, நீ பின்னால் இருந்திருந்தால், நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். இருநூறு டிக்கெட், மணி பதினொன்று நாற்பது, சக் வீட்டுப் பன்றி. உன்னை எழுந்திரு என்று நானும்தான் கத்தியிருப்பேன்.

இந்தத் தாளும் உன் கையில் இருக்கிறது. எரிக்கச் சொல்லவில்லை.

வெர்லன்